கடுக்காய் தேய்த்த வாய்

பன்னிரண்டு வருஷம் பூஞ்சையோடு குப்பை கொட்டியவள் சொல்கிறேன், நம்புங்கள். பூஞ்சை சொன்ன பேச்சைக் கேட்கும். சூடு கொடுத்தால் வளரும், தீனி போட்டால் பெருகும், சாயம் ஏற்றினால் ஸ்லைடில் ஊதா நிறத்தில் வந்து சமர்த்தாக உட்காரும். மனுஷர்களோடு வேலை செய்வதுதான் பேஜார். அதிலும் டாக்டர் அரங்கநாதன் மாதிரி வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த மனுஷரோடு.

1984-ஆம் வருஷம், ஆவணி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, அவர் என் எண்ணிக்கை நோட்டை மேசைமேல் வீசினார்.

"என்ன அம்சவேணி இது? கண்ணை மூடிக்கிட்டு எண்ணினியா?"

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. மூன்று நாள் மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொண்டு, மூவாயிரம் செல்லை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிய நோட்டு அது.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது.

வேலூரில் சத்துவாச்சாரி பக்கம் ஒரு சின்ன டிரஸ்ட் ஆஸ்பத்திரி. அதன் மாடியில் பூஞ்சை லேப். டாக்டர் அரங்கநாதன் அதற்குத் தலைவர், நான் டெக்னீஷியன், அவ்வளவுதான் பட்டாளம். எங்களிடம் ஆம்பூரிலிருந்து பூவம்மாள் என்ற பெண் கையைக் காட்ட வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். டேனரியில் உரோமம் அலசும் வேலை. ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு எடுத்தால் உரோமம் கழன்று வரும். அதைச் சிமெண்ட் தொட்டியில் போட்டுப் பெண்கள் அலசுவார்கள், காய்ந்ததும் விலைக்குப் போகும். பதினேழு வருஷமாக, நாளைக்கு எட்டு மணி நேரம் அவள் கை அந்தத் தண்ணீரில்தான். நகக்கண் எல்லாம் வீங்கிச் சீழ் வைத்து, நாலு நகம் கருத்துப்போய், ஒன்று விழுந்தே விட்டது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் டேனரியில் அவளை நிறுத்திவிட்டார்கள். "உன் உடம்பே பூஞ்சை புடிக்கிற உடம்பு. வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. மத்தவங்களுக்கும் ஒட்டும், வீட்ல இரு" என்று சொல்லி, அதையே அவர்களுடைய டாக்டரிடம் கடிதமாகவும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். யூனியன் லேபர் ஆபீசரிடம் மனு போட்டது. வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு விசாரணை. புருஷன் இல்லாதவள், இரண்டு பெண்களை வைத்திருப்பவள். வேலை திரும்பக் கிடைக்குமா கிடைக்காதா என்பது எங்கள் டாக்டர் எழுதித்தரப் போகும் பதில் கடிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

டாக்டருக்கு ஒரு யோசனை. பூஞ்சை நம் உடம்பில் எதைச் செய்ய வேண்டுமானாலும் முதலில் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் தண்ணீர் பட்டதும் கழுவிக்கொண்டு போய்விடும். அதன் மேல்தோலில் சில புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். நாயுருவிச் செடிப் பக்கம் போனால் விதை புடவையைப் பிடித்துக்கொள்கிறதே, அதுபோல அந்தப் புரதம் நம் செல்லில் தனக்குத் தோதான இடம் பார்த்துக் கொக்கி போடும். பிடித்த பிறகுதான் நூல் விட்டு உள்ளே இறங்கும். எந்தப் புரதம், எப்படிப் பிடிக்கிறது என்பதெல்லாம் அங்கே வெளிநாட்டிலேயே இன்னும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பார். ஆனால் ஒரு செல்லில் எத்தனை பூஞ்சை ஒட்டியது என்று எண்ண முடியும். அதற்குப் பெரிய மெஷின் வேண்டாம். அம்சவேணி போதும்.

நகக்கண்ணைச் சுரண்டிச் செல் எடுத்தால் ஆள் ஊரைக் கூட்டிவிடுவாள். கன்னத்தின் உள்பக்கம் மரக்குச்சியால் மெல்ல வழித்தால் ஆயிரக்கணக்கில் வரும், வலியே கிடையாது. பூவம்மாளோடு சேர்த்துத் தொட்டிவேலைக்காரப் பெண்கள் பதினைந்து பேர், குடியாத்தத்தில் லுங்கி நெய்கிறவர்கள் பதினைந்து பேர். இரண்டு தரப்பாருடைய கன்னத்துச் செல்லிலும் பூவம்மாள் நகத்தில் வளர்ந்த பூஞ்சையையே கண்ணாடிக் குழாயில் கலந்து, உடம்புச் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து, ஒட்டாததை வடிகட்டிவிட்டு எண்ண வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே கணக்கு வந்தால் தீர்ந்தது. உடம்பு எல்லாருக்கும் ஒன்றுதான், வித்தியாசம் தண்ணீரில்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

வந்த கணக்கு என்ன தெரியுமா? நெசவுக்காரர்களுக்குச் செல்லுக்கு ஆறு. டேனரிப் பெண்களுக்கு ஒன்றுகூட இல்லை. பத்து செல் தள்ளினால் எங்கேயோ ஒரு பூஞ்சை, வழி தவறி வந்ததுபோல.

"இதை எடுத்துக்கிட்டுப் போனா அவங்க என்ன சொல்வாங்க?" என்றார் டாக்டர். "இவங்க உடம்புல பூஞ்சை ஒட்டவே இல்லையே, அப்புறம் டேனரியில எப்படி ஒட்டும், வீட்டிலேர்ந்து எதையோ கொண்டு வந்திருக்காள்னு சொல்வாங்க. இல்லேன்னா இந்த லேபே டுபாக்கூர்னு சொல்வாங்க. நான் கையெழுத்து போடமாட்டேன்."

"சார், நான் பார்த்ததைத்தான் எழுதினேன்."

"பூஞ்சையைக் கலக்க மறந்திருப்பே."

"பதினைஞ்சு குழாயிலயும் மறப்பேனா சார்? நீங்களே வந்து பாருங்க!"

வந்து பார்த்தார். ஸ்லைடை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். செல்கள் ஓரம் சுருங்கி, ஒன்றோடொன்று ஒட்டித் திட்டுத் திட்டாக, லேசாகப் பழுப்பேறிக் கிடந்தன. அதை நானும் கவனித்திருந்தேன், காரணம்தான் தெரியவில்லை. டாக்டருக்கு உடனே தெரிந்துவிட்டது.

"குழாய் அழுக்கு" என்றார்.

குழாய் கழுவுவதும் நான்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மைக்ராஸ்கோப்பைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன், அதன் விலை தெரிந்ததால் விட்டேன். "வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சரியான கணக்கு வேணும். இல்லேன்னா லெட்டர் கிடையாது" என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை முதல் பஸ் பிடித்து ஆம்பூர் போனேன். டேனரி கேட்டுக்கு எதிரில் யூனியனுக்கு ஒரு தகர ஷெட் உண்டு. போன வாரம் அங்கேதான் எல்லாரிடமும் செல் எடுத்தேன். பூவம்மாள் ஷெட் வாசலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் தினமும் வேலை நேரத்துக்கு வந்து கேட்டுக்கு எதிரில் உட்காருவாளாம். ஷிப்டுக்கு இன்னும் அரை மணி இருந்தது. மற்ற பெண்களும் தூக்குச்சட்டியோடு வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

"வாங்க நர்சம்மா" என்றாள். நான் நர்ஸ் இல்லை என்று நூறு தடவை சொல்லியாகிவிட்டது.

"போன வாரம் செல் எடுக்க வந்தப்ப எல்லாரும் இன்னா சாப்ட்டுட்டு வந்தீங்க? உண்மையைச் சொல்லு. பாக்கு போட்டீங்களா?"

"ஐயோ, இல்லம்மா. நீங்கதான் வெத்தல பாக்கு போடக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனீங்களே. ஒரு வாய் டீ கூட குடிக்கல. வாய நல்லா சுத்தம் பண்ணிக்கிட்டு அப்படியே வந்தோம்."

"சுத்தம்னா?"

பூவம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது, ஏதோ பரிசு வாங்கியவள் மாதிரி. "கடுக்காயும் கருவேலம்பட்டையும் இடிச்சி, உப்பு போட்டு, நல்லா தேச்சோம். தேச்சிட்டு கால் மணி நேரம் கன்னத்துலயே அடக்கி வச்சிருந்தோம். பதினைஞ்சு பேரும்தான். ஒரு பொட்டு வாட இருந்திச்சா, சொல்லுங்க?"

"தினமும் அதுலதான் விளக்கறீங்களா?"

"தினமும் அதுக்கு யாருக்கும்மா நேரம்? அடுப்புச் சாம்பல்தான். அன்னிக்குன்னு ஜியாவுதீன் பாய் கிட்ட கேட்டு வாங்கினோம்."

ஜியாவுதீன் பாய் பக்கத்து டீக்கடையில் நின்றிருந்தார். அந்த டேனரியில் பட்டைக்குழி மேஸ்திரி. எந்தத் தோல் எத்தனை நாள் பட்டைத் தண்ணீரில் ஊற வேண்டும் என்று முடிவு செய்கிற ஆள். நான் விடுவிடுவென்று அவரிடம் போய், "ஏன் பாய் இவங்களுக்குக் கடுக்காய் குடுத்தீங்க?" என்று சண்டைக்கு நின்றேன்.

அவர் டீயைக் கீழே வைக்கவில்லை. "கேட்டாங்க, குடுத்தேன். கடுக்கா துவர்ப்பும்மா. புடிச்சா வுடாது. குழியில ஊறின தோலை எத்தினி தபா வேணா அலசிப் பாரு, திரும்பப் பச்சத்தோலா ஆவுமா? வாய்க்கும் அப்படித்தான். ஈறு இறுகும், நாத்தம் போய்டும்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது, அடித்தும் கொண்டேன். இந்த வட்டாரத்தில் பிறந்து, டேனரிகளைத் தாண்டியே பள்ளிக்கூடம் போய், காலேஜில் கெமிஸ்ட்ரியும் படித்தவள். கடுக்காய்த் துவர்ப்பு புரதத்தைப் போய்ப் பிடிக்கும், அதனால்தான் அழுகிப்போக வேண்டிய தோல் செருப்பாக உழைக்கிறது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். பதினைந்து பெண்களும் தங்கள் கன்னத்தின் உள்பக்கத்தைப் பதனிட்டுக்கொண்டு வந்து எனக்கு முன்னால் வாயைத் திறந்திருக்கிறார்கள். செல்லின் மேல் இருந்த இடமெல்லாம் கடுக்காய் மூடிக்கொண்டது, பாவம் பூஞ்சை எங்கே போய்க் கொக்கி போடும்? லேபில் நான் மூன்று தடவை கழுவினாலும் அது போகுமா? பாக்கு கூடாது என்று சொன்ன வாய்க்குப் பல் விளக்காதீர்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. மூன்று நாள் உழைப்புக்கு நல்ல கடுக்காய் கொடுத்துவிட்டார்கள்.

ஆனாலும் ஒரு நிம்மதி. காரணம் தெரிந்துவிட்டது, நாளைக்கு மறுபடி எடுத்தால் ஆயிற்று. ஷெட்டுக்குத் திரும்பி வந்து எல்லாரிடமும் சொன்னேன்.

"நாளைக்கு இதே நேரத்துக்கு வர்றேன். யாரும் பல்லு விளக்காதீங்க. கடுக்காயும் வேணாம், சாம்பலும் வேணாம். எழுந்தா அப்படியே வாங்க."

ஒருத்தி தூக்குச்சட்டி மூடியைத் திறந்து மூடினாள். இன்னொருத்தி வாயைப் புறங்கையால் மறைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள்.

"அது முடியாதும்மா" என்றாள் பூவம்மாள்.

"ஏன் முடியாது?"

"முடியாது. விளக்கிட்டு வர்றோம். வேணும்னா கடுக்கா போடாம செங்கப்பொடியில விளக்கறோம்."

"எதுலயும் வேணாம்ங்கறேன்! செங்கப்பொடி இன்னா பண்ணும்னு எனக்கு இன்னா தெரியும்? மறுபடியும் கணக்கு தப்பா வந்தா டாக்டர் கையெழுத்து போடமாட்டாரு. வெள்ளிக்கிழமை நீ வெறுங்கையோட போய் நிக்கணும். உன் வேலைக்காகத்தான் நான் நாய் மாதிரி அலையறேன், தெரியுதா உனக்கு?"

"தெரியுது."

"அப்புறம்?"

பூவம்மாள் என்னை நேராகப் பார்த்தாள். அதுவரைக்கும் "நீங்க, வாங்க" என்று பேசிக்கொண்டிருந்தவளுக்கு அந்த மரியாதை எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"போன வாரம் நீ மொத தபா இங்க வந்தப்ப இன்னா பண்ண? பஸ்ஸ வுட்டு எறங்கினதும் முந்தானைய எடுத்து மூக்குல வச்ச. எங்களோட பேசி முடிக்கிற வரைக்கும் எடுக்கல. திரும்ப பஸ் ஏறும்போதுதான் எடுத்த. அதப் பாத்துட்டுத்தான் இவளுங்க எல்லாம் மறுநாளு வாயத் தெறக்க மாட்டோம்னாளுங்க. நான்தான் பாய் கிட்ட போயி கடுக்கா வாங்கியாந்து, தேச்சிக்கங்கடி, நாறாதுன்னு கூட்டியாந்தேன்."

இதை நான் உங்களிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக எனக்குத் தோன்றவே இல்லை. டேனரிப் பக்கம் போகிறவர்கள் எல்லாரும் மூக்கை மூடத்தான் செய்கிறார்கள்.

"அது டேனரி நாத்தம்" என்றேன். "உங்களச் சொல்லல."

"நாங்க எங்க இருக்கறோம்? டேனரிலதான?"

நான் குனிந்து முந்தானை நுனியைப் பார்த்தேன்.

"டவுன் பஸ்ல பக்கத்துல உக்கார மாட்டாங்க. ரேஷன் கடையில தள்ளி நில்லும்பாங்க. அதெல்லாம் பழகிப் போச்சி. ஆனா நீ வாய்க்குள்ளயே மூஞ்சிய வச்சிப் பாக்கறவ. விளக்காத வாயக் காட்டி, நீ மூக்க மூடி, அதப் பாத்துக்கிட்டு நான் நிக்கணுமா? வேலை போனா போவட்டும்."

குடியாத்தத்தில் எங்கள் தெருவில் செல் எடுத்தது ஞாபகம் வந்தது. என் சித்தப்பா லோகநாதன் காலையில் எழுந்தவுடன் வேட்டியைக்கூடச் சரியாகக் கட்டாமல், கொட்டாவி விட்டுக்கொண்டே வந்து வாயை அகலத் திறந்து, "எடுத்துக்கோ, உள்ள ஏதாவது தங்கம் கிங்கம் இருந்தா பாதி எனக்கு" என்றார். தெருவே சிரித்தது. பதினைந்து பேரில் ஒருத்தர்கூடப் பல் விளக்கிவிட்டு வரவில்லை. யாருக்கும் அப்படித் தோன்றவில்லை, எனக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்காதீர்கள். தப்பு என் பக்கம் என்று தெரிந்துவிட்டால் என் கோபம் இரண்டு மடங்காகும், அது என் ஜாதகம்.

"தப்புதான்!" என்று கத்தினேன். டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். "மூடினேன், தப்புதான், போதுமா? இப்ப இன்னா பண்ணணும்ங்கற, சொல்லு!"

பூவம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாடி இது, மன்னிப்பையும் சண்டையாட்டம் கேக்கறா" என்று பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துச் சொன்னாள். இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

"சரி, வர்றோம்" என்றாள். "ஆனா முந்தான உன் இடுப்புல சொருகி இருக்கணும். ஒருத்தி வாயிலயாவது நீ மூஞ்சியச் சுளிச்சன்னா மத்த பொண்ணுங்க எழுந்து போய்டுவாளுங்க. நான் தடுக்கமாட்டேன்."

"போனா உன் வேலைதான் போகும்."

"என் வேலைதான. எனக்குத் தெரியும்."

புதன்கிழமை காலை ஆறே முக்காலுக்கு ஐஸ் பெட்டியும் குழாய்களுமாக ஷெட்டில் உட்கார்ந்தேன். முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகியிருந்தேன். வெளிச்சத்துக்காக வாசலுக்கு நேராக முக்காலியைப் போட்டேன். பெண்கள் வரிசையாக வந்தார்கள், வாயை இறுக்கி மூடிக்கொண்டு, ஒருத்தரோடு ஒருத்தர் பேசாமல். பூவம்மாள் எனக்கு எதிரில், தகரச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். குழாயையோ குச்சியையோ அவள் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாறவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். காற்று அன்றைக்கு டேனரிப் பக்கமிருந்துதான் அடித்தது. ஒரு வாய், இரண்டு வாய் என்று எடுத்துக்கொண்டே போனேன். முகத்தை அசைக்காமல் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, தாடை வலித்தது. ஏழாவதாக உட்கார்ந்தவளுக்குக் கடைவாய்ப்பல் சொத்தையாகிச் சீழ் பிடித்திருந்தது. திறந்தவுடன் என் மூக்கு சுருங்கப் பார்த்தது. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை எண்ணுவது. அவள் பற்களை எண்ணினேன். மேலே பதினொன்று, கீழே பதிமூன்று.

குச்சியை வெளியே எடுத்ததும் அவள் கேட்டாள். "நாறுதா நர்சம்மா?"

பூவம்மாள் சுவரிலிருந்து முதுகை எடுத்தாள். காத்திருந்த மற்ற ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நாறுதுதான்" என்றேன். "காலையில விளக்காத வாய் நாறாம மணக்குமா? எங்க சித்தப்பா வாய் இதவிட மோசம். அந்தக் கடைவாய்ப் பல்ல புடுங்கணும், நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வா. அடுத்தது யாரு?"

பூவம்மாள் மறுபடி சுவரில் சாய்ந்துகொண்டாள். அப்புறம் அடுத்தவள் வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். "எங்க வூட்டுக்காரரோடது உங்க சித்தப்பாவத் தூக்கிச் சாப்பிட்டுடும்மா" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள். ஷெட்டே சிரித்தது. கடைசியாகப் பூவம்மாள் வந்து உட்கார்ந்தாள். அவள் வாயைத் திறந்தபோதும் கண் என் முகத்தில்தான் இருந்தது.

பதினைந்து குழாயோடு பதினொரு மணிக்கு லேபுக்கு வந்தேன். டாக்டர் சும்மா இருப்பாரா? நெசவுக்காரர்கள் பக்கமும் புதிதாக வேண்டும் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். சித்தப்பாவையும் இன்னும் நாலு பேரையும் குடியாத்தம் பஸ்ஸில் வரவழைத்திருந்தேன், பல் விளக்க வேண்டாம் என்று சொல்லி. அவர்களுக்கு அதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. டாக்டர் குழாய்களில் பெயரை அழித்து நம்பர் போட்டுக் கலைத்து வைத்தார், நான் யாருடையது என்று தெரியாமல் எண்ண வேண்டுமாம். அவ்வளவு நம்பிக்கை என்மேல். புதன் மத்தியானமும் வியாழன் முழுக்கவும் எண்ணினேன். இந்தத் தடவை செல்கள் சுருக்கமில்லாமல் விரிந்து கிடந்தன. ஒவ்வொன்றின்மேலும் பூஞ்சை ஊதாப் பொட்டுகளாக ஒட்டியிருந்தது. எந்த ஸ்லைடு நெசவு, எந்த ஸ்லைடு டேனரி என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த நிமிஷம் நான் மைக்ராஸ்கோப்பைக் கும்பிட்டேன்.

நம்பரைப் பிரித்துப் பார்த்தோம். நெசவுக்காரர்களுக்குச் செல்லுக்கு ஆறு. டேனரிப் பெண்களுக்கும் ஆறு.

நான் கடுக்காய்க் கதை முழுக்கச் சொன்னேன், முந்தானையை மட்டும் விட்டுவிட்டு. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன வாரமே பல் விளக்கினாங்களான்னு கேட்டிருக்கலாமே நீ" என்றார். அவரைக் கடித்துவிடலாமா என்று இருந்தது. ஆனாலும் கடிதம் நன்றாக எழுதினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். முதல் பக்கத்தில், இந்தப் பெண்ணின் உடம்பும் மற்றவர்கள் உடம்பும் ஒன்றுதான், பூஞ்சை இவளிடம் அதிகமாக ஒட்டவில்லை என்று எழுதினார். இரண்டாவது பக்கத்தில், சுண்ணாம்புத் தண்ணீரில் வருஷக்கணக்காக ஊறி நகக்கண் தோல் பிளந்ததால்தான் பூஞ்சைக்கு வழி கிடைத்தது, ஆகவே இது வேலையால் வந்த நோய் என்று எழுதினார்.

வெள்ளிக்கிழமை காலை பூவம்மாள் முதலில் லேபுக்கு வந்தாள். அவள் விரல்களைச் சுத்தம் செய்து, மருந்து தடவி, நாலு விரலுக்கும் நானே கட்டுப் போட்டேன். மூன்று மாதம் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொன்னார். அவள் தலையாட்டினாள். அங்கிருந்து இரண்டு பேரும் லேபர் ஆபீசுக்குப் போனோம்.

டேனரி சார்பாக, ஆட்களின் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸிலிருந்து நந்தகோபால் வந்திருந்தார். ஆபீசர் டேனரி டாக்டரின் கடிதத்தைப் படித்தார், எங்கள் கடிதத்தின் முதல் பக்கத்தைப் படித்தார். கண்ணாடிக்கு மேலாக நந்தகோபாலைப் பார்த்தார்.

"இந்தம்மா உடம்புல ஒரு கோளாறும் இல்லன்னு கணக்குப் போட்டே எழுதியிருக்காரே. அப்ப திரும்ப எடுத்துக்க உங்களுக்கு இன்னா தடை?"

நந்தகோபால் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். நான் அவர் சண்டை போடுவார் என்று நினைத்து, பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். கடுக்காய் முதல் எல்லாவற்றையும் சொல்லத் தயாராக இருந்தேன். அவர் சண்டையே போடவில்லை.

"தடை ஒண்ணும் இல்ல சார். உடம்பு சரியில்லன்னுதான் நிறுத்தினோம். மத்தவங்க மாதிரிதான் இருக்குதுன்னு அவங்க டாக்டரே சொல்லும்போது எங்களுக்கு இன்னா? இன்னிக்கே வரச்சொல்லுங்க. அதே வேலை, அதே தொட்டி, அதே சம்பளம்."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "சார், அந்தத் தண்ணிதான் காரணம்னு எழுதியிருக்கு சார்! ரெண்டாவது பக்கத்தைப் படிங்க! வேற வேலை குடுக்கணும், வைத்தியச் செலவு குடுக்கணும்!"

ஆபீசர் மனுவை எடுத்துக் காட்டினார். "வேலை திரும்ப வேணும்னுதான்மா மனுவுல கேட்டிருக்காங்க. வேற எதுவும் கேக்கல. கேக்காததுக்கு நான் எப்படி உத்தரவு போடறது?"

"அப்ப இதை இன்னா பண்றது?"

"ஃபைல்ல இருக்கும்."

ஃபைலில் இருக்கும்! ஐந்து நாள் நான் எண்ணினது ஃபைலில் இருக்கும். நந்தகோபால் ஏற்கனவே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் பூவம்மாளைப் பார்த்தேன், நீயாவது சொல்லு என்று. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. சந்தோஷத்தில். "எங்க கையெழுத்து போடணும் சார்?" என்று கேட்டு, கட்டுப் போட்ட விரல்களுக்கு நடுவே பேனாவை இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.

வெளியே வந்ததும் நான் படபடவென்று பேசிக்கொண்டே போனேன். மறுபடி மனு போடலாம், யூனியனில் சொல்லலாம், ரப்பர் கையுறையாவது கேட்கலாம், கட்டு நனையாமல் மூன்று மாதம் காய்ந்த உரோமத்தைப் பிரிக்கிற வேலை கொடுக்கச் சொல்லலாம். பூவம்மாள் எல்லாவற்றுக்கும் "ஆவட்டும்மா, ஆவட்டும்மா" என்றாள். அவள் கண் பஸ் ஸ்டாண்டு கடிகாரத்தில் இருந்தது. பன்னிரண்டு ஆகியிருந்தது. ரெண்டு மணி ஷிப்டைப் பிடித்துவிடலாம் என்றாள்.

ஆம்பூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறப்போனவள் திரும்பி என்னிடம் வந்தாள். என் கையைப் பிடித்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்து, விரல்களில் இருந்த கட்டை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"ஏய், இன்னா பண்ற? காலையிலதான போட்டேன்!"

"கட்டோட போனா டைம் ஆபீஸ்ல உள்ள வுடமாட்டாங்கம்மா. உடம்பு நல்லா இருக்குதுன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க."

நாலு விரலும் வெளியே வந்தன, வீங்கி, நகம் கருத்து. அவிழ்த்த துணியைச் சுருட்டி என் கையில் வைத்தாள். கண்டக்டர் விசில் கொடுத்தான். "தங்கமான மனசும்மா உனக்கு, நல்லா இருப்ப" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

பஸ் போன பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன். துணியில் மருந்து இன்னும் காயவில்லை.